நுகர்வோர் கேள்வி-பதில்: மீட்பு ஸ்லெட்டில் தடிப்பைப் பார்க்காதீர்கள், பொருத்தைப் பாருங்கள்

கேள்வி: ஜெட் ஸ்கியின் பின்னால் கட்டி இழுக்கும் ஃபோம் மீட்பு ஸ்லெட் ஒன்றை, பருவம் தொடங்கும் ஏப்ரலில் வாங்கினோம். ஜூன் மாதத்திலேயே இரண்டு கைப்பிடிகள் கையோடு வந்துவிட்டன. கடலில் பாவித்தால் உத்தரவாதம் இல்லை என்கிறார் விற்றவர். (நீர்ச்சறுக்குப் பயிற்றுநர், பொத்துவில்)

பதில்: கடலுக்கென்றே விற்ற பொருளுக்குக் கடலையே சாட்டாகச் சொல்வது அப்பட்டமான ஏமாற்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அச்சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள், விற்றவரோடு பேசிப் பேசி நாளையும் கடத்தாதீர்கள். பிடி கழன்ற இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து இணையுங்கள். அங்கே பசை மட்டும் தெரிந்தால் பிழை ஸ்லெட்டைத் தயாரித்தவருடையதுதான். ஒழுங்கான ஸ்லெட்டில் பிடியின் பட்டி ஃபோமை ஊடுருவிக் கீழே சென்று, அகலமான தட்டொன்றோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நீரில் தத்தளிப்பவர் பற்றித் தொங்கும்போது அந்த இழுவை தட்டு முழுவதும் பரவும்.

கேள்வி: ரெஜிபோமை (பொதி செய்யப் பயன்படும் வெள்ளை ஃபோமை) வெட்டி, வள்ளம் கட்டுபவரிடம் கொடுத்து மேலே பைபர் போட்டால் பாதி விலையில் முடியாதா? (கல்லடி)

பதில்: முடியும், ஒரு பருவத்துக்குள் ஸ்லெட்டும் முடிந்துவிடும். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்பாரில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வள்ளத்துக்குப் பூசும் பொலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன், ரெஜிபோமைக் கரைத்துவிடும். எபொக்சி பிசின் என்றால் கரைக்காது, ஆனால் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த பணம் அதிலேயே போய்விடும். பெட்ரோலும் ரெஜிபோமைக் கரைத்துவிடும். மீன் கொண்டுவர நான் வாங்கிய ரெஜிபோம் பெட்டி, மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் போத்தலோடு சேர்ந்து பயணித்ததில், மூலையில் கை நுழையும் ஓட்டையோடுதான் வீடு வந்தது. ஜெட் ஸ்கியைச் சுற்றி பெட்ரோல் சிந்தாத நாளுண்டா? அதோடு, அலையில் திமிறும் ஒருவரின் தலையிலும் பல்லிலும் கடினமான பைபர் விளிம்பு இடித்தால், மீட்கப் போனவரே காயப்படுத்தியதாகிவிடும். இதனால்தான் நல்ல ஸ்லெட்டுகளை நீர் உள்ளே இறங்காத, மூடிய கண்ணறைகளைக் கொண்ட பொலிஎதிலீன் ஃபோமில் செய்து, மணலில் உராயும் அடிப்பக்கத்துக்கு அடர்த்தி கூடிய பொலிஎதிலீன் தகட்டைப் போடுகிறார்கள். பொலிஎதிலீனில் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது; அடுக்குகளைச் சூடாக்கி உருக்கித்தான் இணைக்க வேண்டும். கடையில் நின்று விளிம்பில் நகத்தை வைத்து நெம்பிப் பாருங்கள். அடுக்கு பிரிந்து நகம் உள்ளே போனால், எத்தனை அங்குலத் தடிப்பு என்று கேட்காமலே திரும்பி வாருங்கள்.

கேள்வி: ஸ்லெட்டை மொட்டைமாடி வெயிலில் வைக்கலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: கூடாது.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி ஸ்லெட்டுக்கான போல்ட்டுகளை விற்றார்கள். மூன்று கிழமையில் செந்துரு கண்டுவிட்டது. (விடுதி நடத்துபவர், பாசிக்குடா)

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். விலை குறைந்த 304 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. உப்புநீரைத் தாங்க 316இல் மொலிப்டினம் சேர்க்கிறார்கள், அதைக் காந்தம் காட்டித்தராது. போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ2 என்றிருந்தால் அது 304 வகையைச் சேர்ந்தது. துருப்பிடித்தவற்றை எறிந்துவிடாமல் முறைப்பாட்டுக்கு வைத்திருங்கள்.

கேள்வி: தொலைபேசியில் படம் பார்த்து முழுப்பணத்தையும் அனுப்பினேன். வந்த ஸ்லெட் நாளுக்கு நாள் பாரமாகிறது. பற்றுச்சீட்டு இல்லை. (ஒலுவில்)

பதில்: இதே கடிதம் ஊரை மட்டும் மாற்றிக்கொண்டு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. நீங்கள் கேட்கவே இல்லை. சரி, இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். ஸ்லெட்டை நன்றாகக் காயவைத்து நிறுங்கள், ஓரிரவு தண்ணீரில் அமிழ்த்தி, மேல்நீர் வடிந்தபின் மறுபடி நிறுங்கள். பாரம் குறிப்பிடத்தக்க அளவு கூடினால் உள்ளே நீர் இறங்குகிறது. அந்த இரு நிறைகளையும், பணம் அனுப்பிய வங்கிச் சீட்டையும், விற்றவர் அனுப்பிய செய்திகளையும் சேர்த்து முறைப்பாடு எழுதுங்கள். அதுவரை அதைக் கடலில் இறக்காதீர்கள்.