ஆசையாக அழைத்துப் போனார், அழுதுகொண்டு திரும்பினேன்

கேள்வி:

எனக்கு 29 வயது. புதுச்சேரியில் இருக்கிறோம். ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, சிசேரியன். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். அத்தை எங்களோடு இருக்கிறார். பாசமானவர், குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

கல்யாண நாள் அன்று கணவர் எனக்குச் சொல்லாமலே ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் மேசை பதிவு செய்துவிட்டார். கல்யாணமான புதிதில் நாங்கள் அடிக்கடி போன மாதிரி இடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து, "எட்டரைக்கு டேபிள், கிளம்பு" என்றார். பால் பீய்ச்சி வைத்து, அத்தைக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்து, பொருந்துகிற சுடிதார் தேடிக் கிளம்புவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். அங்கே போய் உட்கார்ந்ததும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அத்தைக்குப் போன் செய்தேன். சூப் வந்தபோது பக்கத்து மேசைக் குழந்தை அழுதது. எனக்குப் பால் கட்டி உடை நனைந்துவிட்டது. அவர் வைன் சொன்னார், நான் வேண்டாம் என்றேன், அவர் முகம் விழுந்துவிட்டது. சிக்கன் வருவதற்குள் அழுதுவிட்டேன். எழுந்து வந்துவிட்டோம். "உனக்கு நான் வேண்டாதவன் ஆகிட்டேன்" என்றார். அதிலிருந்து சரியாகப் பேசவில்லை.

குழந்தையை விட்டு மூன்று மணி நேரம்கூட இருக்க முடியாதது மனநோயா? ஒரு கிளாஸ் வைன் குடித்தால் பாலில் சேருமா? மறுபடி போகலாமா, இல்லை ஒரு வருஷம் போகட்டும் என்று விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று மாலை உங்கள் கணவர் செய்தது ஒரு போன் அழைப்பு. மீதி வேலை அத்தனையும் உங்கள் தலையில் விழுந்தது, அதுவும் மூன்றரை மணி நேர அவகாசத்தில். அவருக்கு அது பரிசாகத் தெரிந்தது, உங்களுக்கு அது இன்னொரு ஷிப்ட். அழுகைக்கு அன்பு குறைந்ததெல்லாம் காரணமில்லை. பாலூட்டும் தாய்க்கு 'சர்ப்ரைஸ்' ஒத்துவராது என்பது அவருக்குத் தெரியவில்லை, சொல்லித் தரவும் யாருமில்லை. இந்தப் பத்தியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

மனநோயா என்று கேட்டீர்கள். நினைப்பு முழுக்கக் குழந்தையிடமே குவிவதைப் பிரசவத்தையொட்டிய இயல்பான நிலை என்றுதான் பிரிட்டிஷ் குழந்தைநல மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1956இல் விவரித்தார். சில வாரங்களில் அது மெல்லத் தளரும் என்றார். அன்று ஒரு இரவு நீங்கள் தவித்ததை வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, பிடித்த எதிலும் ஈடுபாடில்லாதது, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் விடாமல் வருவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பொறுத்திருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாட்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பத்தாவது கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே பேசுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

மறுபடி போகலாமா? போகலாம். ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு அம்மா கண்ணில் படாவிட்டால் அழும் பருவம் தொடங்கும், ஒன்றரை வயது வரைகூட அது நீளும். ஐந்து மாதத்தில் பழக்கமான பாட்டியிடம் விடுவது அதைவிடச் சுலபம்.

முதலில் பால் விஷயம். அன்று உங்கள் பதற்றத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். எட்டு முறை என்றால் ஒரு வேளைக்கு 90 மில்லி சொச்சம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளைப் பாலும் கொஞ்சம் கூடுதலும் போதும், அதாவது இரண்டு கிண்ணத்தில் 60 மில்லி வீதம் 120 மில்லி. ஒரே மூச்சில் இவ்வளவும் பீய்ச்ச முடியாது, அவசரத்தில் பால் சரியாக இறங்கவும் இறங்காது. மூன்று நாள் முன்பே தொடங்கி, பால் அதிகம் ஊறும் காலை வேளையில், குழந்தை குடித்த பிறகு 30, 40 மில்லி எடுத்து வாருங்கள். நான்கு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்ற கணக்கு 25 டிகிரி அறைக்கு. நம் ஊர்ச் சமையலறை அப்படி இருக்காது. எடுத்தவுடன் மூடிபோட்டுத் தேதி எழுதி ஃபிரிட்ஜில் உள்ளே தள்ளி வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். நான்கு நாள் தாங்கும். புதுப்பாலைக் குளிரவைத்த பிறகே பழைய பாலோடு சேர்க்க வேண்டும். சூடாக்க அடுப்பும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை நிறுத்தினால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அல்லது கொட்டிவிட வேண்டும்.

பாட்டில் பழக்க வேண்டாம் என்றால் சங்கு அல்லது பாலாடை இருக்கிறது. அத்தைக்குக் கை பழகியிருக்கும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து உதட்டோரம் வைத்தால் அதுவே உறிஞ்சும், வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். நான்கு நாள் முன்பே ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது. உங்கள் வாசனை பட்டால் குழந்தை சங்கைத் தட்டிவிடும், 'பாப்பா குடிக்கவே மாட்டேங்குது' என்று அத்தையும் பயந்துவிடுவார். அழுதால் சர்க்கரைத் தண்ணீரோ பசும்பாலோ கொடுக்கக் கூடாது என்பதை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது வேறு அர்த்தத்தில் போய்ச் சேரும்.

ஒத்திகை உங்களுக்கும் வேண்டும். இந்த வாரம் அரை மணி நேரம் கடற்கரை வரை போய் வாருங்கள். அடுத்து ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு உணவகம்.

எட்டரை மணி தப்பான நேரம். ஏழு மணிக்கு, கதவு திறக்கும்போதே முதல் ஆளாகப் போய் உட்காருங்கள். கிளம்பும் முன் கடைசி நிமிஷத்தில் பால் கொடுத்துவிட்டுப் போனால் கட்டுவது குறையும். பக்கத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் பால் சுரப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் வேலை, தடுக்க முடியாது. மார்பில் வைக்கும் பேட், மாற்று ஜோடி, பூப்போட்ட அடர்நிற உடை, இவை போதும். சுரப்பு தொடங்குவது தெரிந்தால் கையைக் கட்டி மார்பை ஒரு நிமிஷம் அழுத்துங்கள், நிற்கும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். ஆகவே ஆட்டோ வந்து நிற்கக்கூடிய உள்தெரு உணவகமாகப் பார்க்கட்டும்.

பிரெஞ்சு முறையில் பரிமாறுவது வேண்டுமென்றே நிதானம். மேசையில் எல்லோரும் முதல் தட்டை முடித்த பிறகே அடுத்தது வரும், கேட்காமல் பில் வராது. அதுதான் அதன் அழகு, ஆனால் கடிகாரம் பார்த்து வந்தவர்களுக்கு அதுவே வதை. உட்கார்ந்தவுடன் "ஒன்றரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டும்" என்று சொல்லி, மொத்த ஆர்டரையும் சேர்த்தே கொடுங்கள். முதல் தட்டை விட்டுவிட்டு பிரதான உணவும் இனிப்பும் மட்டும் போதும். வெங்காய சூப் மேலே சீஸ் உருகி வர நேரம் பிடிக்கும், குடிக்கவும் நேரம் பிடிக்கும். இந்த முறை வேண்டாம்.

வைன் பாலில் சேரும். இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு பாலிலும் இருக்கும். குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உச்சம். 150 மில்லி கொண்ட ஒரே ஒரு கிளாஸ் என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம். பீய்ச்சிக் கொட்டினால் சீக்கிரம் வெளியேறாது, இரத்தத்தில் குறையும்போதுதான் பாலிலும் குறையும். குடித்த இரவு இருவரும் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள், வண்டியும் ஓட்டாதீர்கள். வைனில் நெடுநேரம் வேகவைக்கும் கோக் ஓ வான் போன்ற சிக்கனில் மிஞ்சுவது சொற்பம், மேசையருகே தீ மூட்டும் வகைகளில் நிறையவே மிஞ்சும். இத்தனைக்கும் பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரிதான். நீங்கள் மறுத்தது வைனை, அவரை அல்ல. இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

போன் பற்றி ஒரு ஏற்பாடு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசாரித்தால் பயம் அடங்காது, அடுத்த பத்து நிமிஷத்துக்கு அது பழகிக்கொள்ளும். போன் கணவரின் பையில் இருக்கட்டும். 45 நிமிஷத்துக்கு ஒருமுறை அத்தை ஒரு குரல் செய்தி அனுப்பட்டும். தூக்கிவைத்தும் இருபது நிமிஷம் அழுகை நிற்காவிட்டால், உடம்பு சுட்டால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் மட்டும் அழைக்கட்டும்.

இன்னொன்றையும் கிளம்பும் முன்பே பேசுங்கள். வெளியே சாப்பிட்டு வந்த இரவுக்கு ஒரு எதிர்பார்ப்பு ஒட்டியே வரும், யாரும் சொல்லாவிட்டாலும். பாலூட்டும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவு, அதனால் வறட்சியும் வலியும் சகஜம். "இன்று சாப்பாடு மட்டும்" என்று இருவரும் ஒப்புக்கொண்டால் மேசையில் அவர் கையைப் பிடிக்கவும் உங்களுக்குத் தயக்கம் இருக்காது. மேசையில் குழந்தையைப் பற்றியே பேசினால் என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டாம், பேசுங்கள்.

பாதியில் எழ நேர்ந்தால் அதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சிக்கனைக் கட்டித் தரச் சொல்லலாம், மறுநாள் சூடுபடுத்தினால் ருசி கூடத்தான் செய்யும். க்ரெம் ப்ரூலே என்ற இனிப்பை மட்டும் கட்டாதீர்கள். மேலே உள்ள சர்க்கரைத் தகடு ஈரத்தில் இளகிவிடும். இரண்டு நிமிஷம் நின்றாவது அதை அங்கேயே உடைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.