நாயின் கழுத்தில் வலியில்லாத கட்டிகள்: லிம்போமாவா, உண்ணிக் காய்ச்சலா?

ஹட்டன் பக்கத்து ஏழு வயது நாய்க்குத் தாடையின் கீழ் இருபுறமும் கட்டி, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, இது புற்றுநோயா என்பது கேள்வி.

இருக்கலாம். தோள்பட்டைக்கு முன்னாலும், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னாலும் தடவிப் பாருங்கள். அங்கேயும் உருண்டை உருண்டையாக, இறுக்கமாக, வலியின்றி இருந்தால் லிம்போமாவை, அதாவது நிணநீர்ப் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் உண்ணிக் காய்ச்சலிலும் இந்த நிணநீர்க் கணுக்கள் வீங்கும். தேயிலைக்குள் ஓடித் திரியும் நாய் என்றால் குருதிப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உறுதிசெய்ய, மெல்லிய ஊசியால் கணுவிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தாடைக் கணுவை விட முழங்கால் கணுவே நல்லது. பற்சொத்தை, ஈறுப்புண் இருந்தாலே தாடைக் கணு வீங்கிக் குழப்பும்.

பலர் தவறுவது இங்கேதான்: பரிசோதனைக்கு முன்பே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வீக்கம் வற்றும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நோய் மறைந்து கண்டறிவது கடினமாகும், பின்னர் கீமோதெரபியும் சரியாக வேலை செய்யாது.

லிம்போமா என்றால், சிகிச்சை இல்லாவிட்டால் நாய் பொதுவாக 4 முதல் 6 வாரம்தான் உயிரோடு இருக்கும். பிரெட்னிசோலோன் மட்டும் என்றால் ஓரிரு மாதம். பல மருந்துகள் சேர்ந்த கீமோதெரபியில் சுமார் ஒரு வருடம். எந்த வெள்ளையணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து பி செல், டி செல் என லிம்போமாவில் வகைகள் உண்டு; பி செல் வகை, டி செல் வகையை விடச் சற்று நல்லது. முழுக் குணம் அபூர்வம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் குருதியில் கல்சியம் கூடியிருக்கலாம், தாமதிக்காதீர்கள். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையில் விசாரியுங்கள்.