வெள்ளைச் சுருள் புழுவைச் சுரண்டாதீர்கள்
கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் குழாய்ப்புழுக்களைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. பின்கண்ணாடியிலும் பம்ப் மேலும் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருக்கின்றன. நகத்தால் கீறினால் கரகரவென்கிறது. மீனுக்கு ஏதாவது ஆகுமா? பிளேடால் சுரண்டிவிடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

சுரண்ட வேண்டாம். இது நோயும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை. ஸ்பைரார்பிட் என்னும் குழாய்ப்புழு. நத்தை ஓடு போலச் சுருண்ட சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழும். சுருளின் அகலம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான்.

தொட்டி விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் வாயிலிருந்து ஒரு சின்ன விசிறி விரிந்திருக்கும். அதன் இழைகளில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து தண்ணீரை இழுக்கும். நுண்பாசி, பாக்டீரியா, தீவனத் துகள் என்று அகப்பட்டதை இழையில் உள்ள வாய்க்கால் வழியே வாய்க்குக் கொண்டுபோகும். இழைகளில் ஒன்று மட்டும் மூடியாக மாறியிருக்கும். கையை அசைத்து நிழல் காட்டினால் விசிறி சட்டென்று உள்ளே போய், அந்த மூடி வாயை அடைத்துக்கொள்ளும்.

இது எப்படி இவ்வளவு பெருகியது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மற்றப் பல குழாய்ப்புழுக்களின் குஞ்சுகள் பல நாள் மிதந்து திரிய வேண்டியவை. நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரிலும் பம்பிலும் மாட்டி அழிந்துவிடும். ஸ்பைரார்பிட் முட்டைகளைத் தன் குழாய்க்குள்ளோ மூடிக்குள்ளோ வைத்து அடைகாக்கும். வெளியே வரும் குஞ்சு கொஞ்ச நேரமே நீந்தி, பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நம் தொட்டியிலும் அதற்குத் தலைமுறை தலைமுறையாக வாழ முடிகிறது.

எண்ணிக்கை திடீரென்று கூடினால் தண்ணீரில் மிதக்கும் உணவு கூடியிருக்கிறது என்று அர்த்தம். மிஞ்சிய தீவனமும் கழிவும் சிதைந்து சேரும் நைட்ரேட்டை உடனே சோதித்துப் பாருங்கள். 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) இருந்தால் கவலை இல்லை. 30, 40 என்று போயிருந்தால் மீன் தீவனத்தைக் குறையுங்கள். புழுவை அழிப்பதால் நைட்ரேட் இறங்காது.

முன்கண்ணாடியில் பார்வையை மறைப்பதை மட்டும் எடுக்கலாம். பம்பில் இருப்பதை எடுத்தே ஆக வேண்டும். உள்ளே சுழலும் இம்பெல்லரில் சுண்ணாம்பு படிந்தால் பம்ப் சத்தம் போடும், சூடேறும், நீரோட்டம் குறையும். பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நுரை அடங்கியதும் பழைய பல் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இதில் ஆள் மாறாட்டம் ஒன்று உண்டு, கவனமாக இருங்கள். வெர்மெட்டிட் என்பது புழு அல்ல, நத்தை. அதன் குழாய் ஒழுங்கில்லாமல் வளைந்து, நுனி மட்டும் தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். விசிறி இருக்காது, சிலந்திவலை போலச் சளி இழையை வெளியே விடும். அது பக்கத்து உயிர்களை உறுத்தும். கட்டிங் பிளேயரால் குழாயை நசுக்கியோ, வாயில் ஒரு சொட்டு ஜெல் சூப்பர்குளூ வைத்து அடைத்தோ ஒழிக்கலாம். விசிறி இருந்தால் விட்டுவிடுங்கள், சளி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடையில் ஃபெதர் டஸ்டர் என்னும் விசிறிக் குழாய்ப்புழு ஒன்று வாங்கினேன். பத்தே நாளில் விசிறி மொத்தமாகக் கழன்று மணலில் விழுந்துவிட்டது. குழாய் மட்டும் நிற்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
— வாசகி, குளச்சல்

அவசரப்படாதீர்கள். விசிறியை உதிர்ப்பது அதன் தற்காப்பு. புழு உள்ளே உயிரோடு இருக்கக்கூடும். விழுந்த விசிறியை மட்டும் எடுத்துவிடுங்கள், அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். குழாயை மெல்லத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சின்ன விசிறி ஒன்று எட்டிப் பார்க்கும். குழாய் துவண்டு, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

ஏன் உதிர்த்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

உப்பு அளவு. கடைத் தொட்டியில் அடர்த்தி 1.020 என்று குறைத்து வைத்திருப்பது சாதாரணம். உங்கள் தொட்டி 1.025 என்றால் அந்த வித்தியாசத்தைப் புழு ஒரேயடியாகத் தாங்காது. பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, புழுவைப் பைத்தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் இறக்கி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி தொட்டித் தண்ணீரை விடுங்கள். அளவு இரட்டிப்பானதும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி இரட்டிப்பாகும்வரை விடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். புழு குழாய்க்குள் ஒடுங்கியிருக்கும்போதே மாற்றுங்கள்.

செம்பு. வெள்ளைப்புள்ளி நோய்க்கு விடும் மருந்துகள் பலவற்றில் இருப்பது மயில்துத்தம். ரப்பர் தோட்டத்தில் போர்டோ கலவைக்குப் போடுகிறோமே, அதேதான். மீனைக் குணப்படுத்தும் 0.15–0.25 பிபிஎம் அளவே புழுக்களைக் கொன்றுவிடும். அந்தச் செம்பு கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பழைய தொட்டியின் கல்லை வாங்கியிருந்தால் செம்புச் சோதனை செய்யாமல் அடுத்த புழுவை இறக்காதீர்கள். போர்டோ கலக்கிய வாளியில் கடல்நீர் கொண்டுவரவே கூடாது.

கூடவே வாழும் மீன். பட்டர்ஃபிளை மீன், பஃபர், டிரிகர் எல்லாம் விசிறியைக் கொத்தும். ஐப்டேசியா என்னும் தொல்லை தரும் கடல் அனிமோனை ஒழிக்க என்று வாங்கும் காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளைக்கு முதல் விருந்தே குழாய்ப்புழுதான்.

நீரோட்டம். விசிறி மெல்ல ஆட வேண்டும், மடங்கக் கூடாது. குழாயின் அடிப்பக்கத்தை மணலில் நான்கு விரற்கடை ஊன்றி, இரண்டு கல்லுக்கு நடுவில் முட்டுக் கொடுங்கள். வேவ்மேக்கருக்கு நேர் எதிரே வைக்காதீர்கள்.

கொசுமருந்து. இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தொட்டிக்குள் ஊதுகிறது. கொசுவர்த்தியிலும் திரவ மருந்திலும் உள்ள பைரித்ராய்டு நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய விஷம். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் பட்டினி. பல புழுக்கள் சாவது இதனால்தான். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

குழாய்ப்புழுவுக்கு முட்டை மஞ்சள்கரு கரைத்து விடலாம் என்கிறார்கள். ஸ்பைருலினா பொடியும் சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், மார்த்தாண்டம்

மஞ்சள்கரு வேண்டவே வேண்டாம். கொழுப்பு, ஒரே இரவில் தண்ணீர் கலங்கும். ஸ்பைருலினா பொடியின் துகள் புழுவுக்குப் பெரிது. அது பெரும்பாலும் கீழே படிந்து அழுகும். ஃபெதர் டஸ்டர் புழு துகளை அளவு பார்த்துப் பிரிக்கும். மிகச் சிறியது வாய்க்கு, நடுத்தரமானது குழாய் கட்ட, பெரியது வெளியே. உயிருள்ள நுண்பாசிதான் சரியான உணவு. நானோகுளோராப்சிஸ் 2 முதல் 4 மைக்ரான் அளவு. நம்மூர் வெயிலையும் ஓரளவு தாங்கும்.

வீட்டிலேயே வளர்க்கலாம். கடல்நீரில் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அடர்த்தியை 1.019க்குக் கொண்டுவந்து, 2 லிட்டர் பாட்டிலுக்கு அதில் ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து முழுதும் ஆறவிடுங்கள். பாசிக்கு உரமாக, லிட்டருக்கு 1 மில்லி கான்வே மீடியம் அல்லது எஃப்/2 கரைசல். விதையாக 300 மில்லி தாய்ப்பாசி (ஏற்கெனவே வளர்ந்த நுண்பாசி). ஏர் ஸ்டோன் போடாமல் வெறும் குழாயால் பெரிய குமிழி விடுங்கள். ஒரு சாண் தூரத்தில் 15 வாட் எல்.இ.டி., நாளுக்கு 14 மணி நேரம். ஏழு முதல் பத்து நாளில் கரும்பச்சை ஆகும். பாதியை எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், தினமும் ஒருமுறை குலுக்கினால் இரண்டு வாரம் நிற்கும். மீதியில் புதுத் தண்ணீரும் மீடியமும் ஊற்றுங்கள்.

பச்சை மஞ்சளாகி அடியில் படிந்தால் வளர்ப்பு சரிந்துவிட்டது. ஒரே நாளில் தண்ணீர் தெளிந்துபோனால் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு புகுந்து பாசியைத் தின்றுவிட்டது. மீன்தொட்டியில் போட்ட ஏர் டியூபை இங்கே போட்டிருப்பீர்கள். இரண்டிலும் பாட்டிலைக் கழுவி முதலிலிருந்து தொடங்குங்கள். இதற்காகவே தாய்ப்பாசியில் ஒரு பங்கை முன்பே தனியே எடுத்து வையுங்கள்.

100 லிட்டருக்கு நாளுக்கு 20 மில்லி என்று தொடங்குங்கள். விளக்கு அணைந்த பிறகு ஊற்றி, ஸ்கிம்மரையும் கிருமி கொல்லும் யு.வி. விளக்கையும் ஒன்றரை மணி நேரம் நிறுத்துங்கள். ஸ்கிம்மரை டைமரில் மாட்டுங்கள், மறுபடி போட மறந்தால் விடிவதற்குள் மீன் மூச்சுத் திணறக்கூடும். இரண்டு வாரம் நைட்ரேட் ஏறவில்லை என்றால் 50 மில்லி வரை போகலாம்.

காசில்லாத உணவும் ஒன்று உண்டு. 60 மில்லி சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வாரம் இருமுறை கல் இடுக்குகளில் பீய்ச்சுங்கள். படிந்த தூசி கிளம்பும். ஐந்தே நிமிடத்தில் எல்லா விசிறியும் விரிவதைப் பார்ப்பீர்கள்.

குழாய்ப்புழுக்கள் நிறைய இருந்தால் ஸ்கிம்மர் இல்லாமல் சமாளிக்கலாமா?
— வாசகர், தக்கலை

முடியாது. புழு துகளைத் தின்றாலும் அதன் கழிவும் அம்மோனியாவும் அதே தண்ணீரில்தான் சேரும். கழிவைத் தொட்டிக்கு வெளியே கொண்டுபோவது ஸ்கிம்மரும் தண்ணீர் மாற்றமும்தான். கலங்கலைக் குறைப்பது, பாழாகும் நுண்துகளை உயிராக மாற்றுவது, அதன் குழாய் இடுக்குகளில் கோபிபாடு என்னும் நுண் ஓட்டுயிர்களுக்கு இடம் தருவது — இவை புழு செய்யும் நல்ல வேலைகள். சுண்ணாம்புக் குழாய் கட்ட ஸ்பைரார்பிட்டுக்குக் கால்சியம் 400–450 பிபிஎம், காரத்தன்மை 8–11 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு) வேண்டும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் சின்னத் தொட்டிக்கு அதுவே போதும்.

கடற்கரையிலேயே இருக்கிறோம். புழு ஒட்டிய கல், மணல், தண்ணீர் மூன்றையும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கன்னியாகுமரி

பவளக்கல்லைத் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001 முதல் பவளங்கள் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். கிறிஸ்துமஸ் மரப் புழு என்று விற்பதையும் வாங்காதீர்கள். அது உயிருள்ள பவளத்துக்குள் வேரூன்றி வாழ்வது. பவளம் செத்தால் அதுவும் பெரும்பாலும் நிலைக்காது. செயற்கைக் கல்லே போதும், அதில் ஸ்பைரார்பிட் தானாகப் படரும்.

மணலில், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் வேண்டாம். அதில் இல்மனைட் இருக்கிறது. காந்தத்தால் சுழலும் பம்ப் இம்பெல்லரில் அது ஒட்டிக்கொண்டு அரைத்துவிடும். மோனசைட் என்னும் கதிரியக்கத் தாதும் கலந்திருக்கும். பயணிகளுக்குப் பொட்டலத்தில் விற்கும் வண்ண மணலும் தொட்டிக்கு ஆகாது. சுண்ணாம்பு மணலைக் கடையில் வாங்குங்கள்.

தண்ணீர் எடுக்கலாம், இடமும் காலமும் பார்த்து. தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறும், கடியப்பட்டணத்தில் வள்ளியாறும், மணக்குடியில் பழையாறும் கடலில் சேர்கின்றன. இந்த முகத்துவாரங்களிலும் டீசல் படலம் மிதக்கும் துறைமுகங்களிலும் எடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் கடல் கலங்கிக் கிடக்கும், ஐப்பசி மழையில் உப்பு இறங்கும். மற்ற மாதங்களில், பாறைப்பாங்கான கரையில், கடல் அமைதியாக இருக்கும் நாளில் எடுங்கள். மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். ஊற்றும் முன் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, உப்பு அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள்.