கேளுங்க, சொல்றோம்: கெழட்டு செல்லை அழிச்சா முட்டுவலி போகுமா?

கேள்வி: எங்க அம்மைக்கு 68 வயசு, முட்டுவலியில வீட்டுப்படி ஏற முடியல்ல. போன்ல ஒரு விளம்பரம் வந்துது, கெழட்டு செல்லை அழிக்கிற கேப்ஸ்யூலாம், எலியில நிரூபிச்சாச்சாம். வெல ஜாஸ்தி. வாங்கலாமா சார்?
- வாசகி, தக்கலை

பதில்: வாங்காதீங்கம்மா. எலியில நிரூபிச்சாச்சுங்கறது முழுப்பொய் இல்ல, அதான் ஆபத்தே. அந்த கெழட்டு செல்லைத்தான் செனசென்ட் செல்னு சொல்றாங்க, அது பெருகறதை நிறுத்திட்ட செல், ஆனா செத்தும் போகாது, இருந்த இடத்துல இருந்துகிட்டே வீக்கத்தைக் கிளப்புற புரதங்களை வெளிய விட்டுகிட்டு இருக்கும், அதுல பக்கத்து செல்லும் கெடும். 2011ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்காரங்க, சீக்கிரமே மூப்படையுற எலிகள்ல இந்த மாதிரி செல்லை மட்டும் அழிச்சுப் பாத்தப்போ கண்புரையும் தசை மெலியறதும் தள்ளிப்போச்சு. 2017ல அடிபட்ட எலி முட்டுல இந்த செல்லை அழிக்கிற மருந்தைப் போட்டப்பவும் நல்ல பலன். சரின்னு அந்த மருந்தை மனுஷங்க முட்டுல ஊசியா போட்டுப் பாத்தாங்க, 2020ல முடிவு வந்துது, 12 வாரம் கழிச்சும் அந்த ஊசிக்கும் மருந்தில்லாத டம்மி ஊசிக்கும் வலியில வித்தியாசமே இல்ல.

இன்னொன்னு கேளுங்க, இந்த செல் எல்லாமே கெட்டது இல்ல. தோல்ல காயம்பட்டா இதுங்க அங்க உண்டாகி ஆத்த உதவுது, அழிச்சுவிட்ட எலிக்கு காயம் ஆற லேட்டாச்சு. வயசான எலியோட கல்லீரல்ல ஒருவகை ரத்தக்குழாய் செல்லை இப்படி எடுத்தப்போ கல்லீரலே தழும்பாகிப்போச்சு. அப்போ எது எந்த உறுப்புல எந்த மூலையில இருக்கு, அங்க என்ன செய்யுதுன்னு தெரியாம கை வைக்கலாமா? அதுக்குத்தான் இப்போ மேப் போடுறாங்க, 2021ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஹெச், சென்நெட்னு ஒரு திட்டமே ஆரம்பிச்சுது. திசுவை தலைமுடியைவிட மெல்லிசா சீவி, ஒரு சாயம் ஊத்துவாங்க, செனசென்ட் செல் நீலமா தெரியும். ஆனா அந்த நீலம் வேற சில செல்லுலயும் வரும், அதனால செல் பெருகறதை நிறுத்துற பி16, பி21 மாதிரி மரபணு அங்க வேல செய்யுதான்னும் சேத்துப் பாக்கணும், ஒரே ஒரு அடையாளத்தை வச்சு இதான்னு சொல்லவே முடியாது. லேப்லயே இவ்ளோ கஷ்டம், கேப்ஸ்யூலுக்கு எப்படிம்மா தெரியும் எந்த செல்லை விடணும்னு?

அந்தப் பணத்துக்கு அம்மையை ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி உங்களுக்கு எட்டுற தூரந்தான். பிசியோதெரபில தொடைத் தசையை பலப்படுத்துற பயிற்சி சொல்லித் தருவாங்க, நாற்காலியில உக்காந்து காலை நீட்டி கொஞ்சநேரம் பிடிச்சு இறக்குறது மாதிரி, அது நெசமாவே முட்டுவலியைக் குறைக்கும், தினம் செய்ய வைங்க.

கேள்வி: கெழட்டு செல் ஆராய்ச்சிக்கு எதுக்கு எலி? மனுஷன்லயே பாக்க வேண்டியதுதானே?
- கல்லூரி மாணவர், குலசேகரம்

பதில்: எலி ரெண்டு மூணு வருஷத்துல முழு ஆயுசையும் முடிச்சிடும் தம்பி, ஒரு மாசக் குட்டியில இருந்து 30 மாசக் கெழடு வரைக்கும் ஒரே ஆய்வுல எல்லா உறுப்பையும் வச்சு ஒப்பிடலாம், 2020ல அப்படி 23 திசுக்களைப் பாத்தாங்க. உயிரோட இருக்க மனுஷன்கிட்ட மூளையும் இதயமும் கேக்க முடியுமா? ஆனா நீங்க கேட்டதுல நியாயம் இருக்கு. நம்ம செல் பிரியப்பிரிய மரபணுவைச் சுமக்குற குரோமோசோமோட நுனி தேஞ்சு ஒரு கட்டத்துல நின்னுடும், எலிக்கு அந்த நுனி ரொம்ப நீளம், அதோட செல் பெரும்பாலும் வேற காரணத்தால நிக்குது. அதனாலதான் சென்நெட்ல மனுஷத் திசுவையும் தனியா மேப் போடுறாங்க.