வீட்டுக்குள் ஒரு பச்சை: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புற வாசகர்களுடையவை. அதனால் அந்த ஊரின் வெயில், மழை, மண் ஆகியவற்றை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்களுடையது வரிசை வீட்டில் நடு வீடு. முன்பக்கம் மட்டும்தான் சன்னல். ஹாலில் எந்தச் செடி வைத்தாலும் இரண்டே மாதத்தில் நெட்டையாகி இலை கொட்டுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: நெட்டையாகிறது என்றால் செடி வெளிச்சத்தைத் தேடுகிறது. உரமோ தண்ணீரோ அதற்கு ஈடாகாது. செடி வாங்கப் போவதற்கு முன் வீட்டு வெளிச்சத்தை அளந்து பாருங்கள். நண்பகலில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாக நிழலாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அந்த இடத்தில் எந்தச் செடியும் நிரந்தரமாக வாழாது; சிறிது காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் தெற்குச் சன்னலே சிறந்தது என்று எழுதும். அது அவர்கள் ஊருக்குப் பொருந்தும். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆக, வடக்கும் தெற்கும் ஏறக்குறைய சமம். கவனம் தேவைப்படுவது மேற்குச் சன்னலுக்குத்தான். மாலை 3 மணி வெயில் கண்ணாடி வழியே நேராக விழுந்தால் இலையில் வெளிறிய திட்டுகள் வரும், அவை ஆறாது. மெல்லிய திரை போட்டுவிடுங்கள்.

நடுத்தர வெளிச்சத்துக்கு மணி பிளாண்ட், பச்சை இலை அக்லோனிமா, பீஸ் லில்லி. அதைவிடக் குறைவென்றால் ஸீஸீ செடியும், மலாய்க்காரர்கள் லிடா ஜின் என்று சொல்லும் பாம்புச் செடியும். சிவப்பு அக்லோனிமா அழகுதான், ஆனால் இருட்டில் நிறம் மங்கிப்போகும். உங்கள் ஹாலுக்கு எங்கள் யோசனை: ஒரே வகையில் இரண்டு சாடி வாங்குங்கள். ஒன்று ஹாலில், மற்றொன்று வீட்டு முன்புறக் கூரை நடையான அஞ்சடியில், நேர் வெயில் படாத மூலையில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒரு செடியை வாங்கி வாங்கிச் சாகவிடுவதைவிட இது மலிவு.

கேள்வி: என் அக்லோனிமாவின் கீழ் இலைகள் மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். மண்ணையும் தோட்டத்துச் செம்மண்ணாகப் பார்த்துத்தான் போட்டேன். பிழைக்குமா?

பதில்: பிழைக்கலாம், ஆனால் இன்றே செய்ய வேண்டும். அந்தச் செம்மண்ணும் தினசரித் தண்ணீரும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கின்றன. தரையில் செம்பனைக்கும் ரப்பருக்கும் நல்ல மண் அது. மண்புழுவும் ஆழமான வேரும் அதைத் துளைத்துக்கொண்டே இருக்கும். சாடிக்குள் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. களி இறுகிவிடும், காற்று புகாது, வேர் மூச்சுத் திணறும். அப்படிச் சோர்ந்த வேரைப் பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வீட்டுக்குள் சாடி காய்வதும் மெதுவாகத்தான்.

செடியைச் சாடியிலிருந்து எடுத்து, வேரைக் குழாய் நீரில் கழுவுங்கள். வெளுத்து உறுதியாக இருப்பவை உயிருள்ள வேர்கள். கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வருபவை செத்தவை. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துச் செத்த வேர்களை வெட்டுங்கள். தண்டிலும் கறுப்பு இருந்தால், உள்சதை சுத்தமான வெள்ளையாகத் தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும். பாதி கறுப்பை விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் மீண்டும் ஏறும். வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். வேரே மிஞ்சவில்லையா? இரண்டு மூன்று கணுக்கள் உள்ள 10 சென்டிமீட்டர் தண்டை ஈரமான சுட்ட உமியில் நட்டு நிழலில் வையுங்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் வேர் விடும்.

புதிய கலவைக்கு: தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, சுட்ட உமி 1 பங்கு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உடைத்த மரக்கரி 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும். இரவு முழுக்க வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, நீரின் பழுப்பு குறையும் வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கரி என்றால் மரக்கரியே வேண்டும்; வாட்டுவதற்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம், அதில் ஒட்டுப்பொருள் கலந்திருக்கும். கலவையைச் சாடியில் நிரப்பி நீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் கரி சேர்க்க வேண்டும்.

சாடி வேர்க்கட்டியைவிட 2, 3 சென்டிமீட்டர்தான் அகலமாக இருக்கலாம். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இன்னொன்று, அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், மண் முழுக்க நனைந்து நிரம்பும்வரை கல் இடுக்குக்குள் இறங்காது. கல் அடுக்கின் உயரத்துக்கு ஈரப்பகுதியும் மேலே ஏறி வேருக்கு நெருங்குகிறது. கல்லை விட்டுவிடுங்கள், துளை நன்றாக இருந்தால் போதும். அலங்காரச் சாடிக்குள் நெகிழிச் சாடியை இறக்கி வைத்திருந்தால், நீர் ஊற்றி அரை மணி கழித்து உள்ளே தேங்கியதைக் கொட்டுங்கள்.

இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று நாள் குறிக்காதீர்கள். சாத்தே குச்சி ஒன்றைச் சாடியின் பாதி ஆழம் வரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி ஈரமாக வந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்து வந்தால் அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். பாம்புச் செடிக்கும் ஸீஸீக்கும் குச்சி சாடியின் அடி வரை காய்ந்திருக்க வேண்டும். ஹால் வெளிச்சத்தில் மூன்று வாரம்கூட ஆகலாம். மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈ பறந்தால் அதுவும் ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளம். மேல்மண் 3 சென்டிமீட்டர் காய்ந்தால் அதன் புழு வாழாது.

கேள்வி: வீட்டில் செம்பனைக்குப் போடும் நீல நிற உரம் கொஞ்சம் இருக்கிறது. வீட்டுச் செடிக்குப் போடலாமா?

பதில்: மூட்டையில் 12-12-17-2 என்று இருந்தால் போடலாம், ஆனால் குருணையாக அள்ளித் தூவக்கூடாது. வளர்ந்த செம்பனை ஆண்டுக்குப் பல கிலோ உரம் தாங்கும். உங்கள் சாடியில் இருப்பதோ இரண்டு லிட்டர் மண். ஒரு கிராமை, அதாவது கால் தேக்கரண்டியை, ஒரு லிட்டர் நீரில் கரைத்து நான்கைந்து சாடிகளுக்குப் பகிர்ந்து ஊற்றுங்கள். வெளிச்சமான இடத்தில் மாதம் ஒருமுறை, இருட்டான ஹாலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது ஊற்றுவது நல்லது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் எனும் சிவப்பு உப்பு உரத்தை மட்டும் வீட்டுச் செடிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் உள்ள குளோரைடு இலை நுனியைக் கருக்கிவிடும்.

மண்மேல் வெள்ளைப் படலம், பழுப்பு நுனி என்றால் உப்பு சேர்ந்துவிட்டது. சாடியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வழியவிடுங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: களைக்கொல்லி அடித்த பம்பிலும் போத்தலிலும் வீட்டுச் செடிக்கு நீர் தெளிக்க வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

கேள்வி: கேமரன் மலையில் வாங்கிய ஐவியும் ஹைட்ரேஞ்சியாவும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஏன்?

பதில்: உங்கள் தவறில்லை. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டருக்குச் சுமார் 0.6 பாகை குளிர்ச்சி என்று கணக்கிட்டால், நம் ஊரைவிட 8 பாகை குறைவு. அந்தச் செடிகளுக்கு இரவுக் குளிர் வேண்டும். நம் இரவின் புழுக்கத்தில் அவை பகலில் சேர்த்த உணவை மூச்சிலேயே செலவழித்துத் தேய்கின்றன. ஹைட்ரேஞ்சியாவை வெட்டுப்பூ மாதிரி சில வாரம் ரசிக்க வாங்குங்கள். தங்கும் செடி வேண்டுமென்றால் தாழ்நிலத்தில் வளர்த்ததையே நர்சரியில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சாமி மேடைக்குப் பக்கத்தில் துளசி வைக்கலாமா?

பதில்: வீட்டுக்குள் வேண்டாம். துளசிக்குத் தினம் 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வாசலில் வளர்த்து, பூசைக்குத் தளிர் கிள்ளிக்கொள்ளுங்கள். சாமி மேடைப் பக்கம் பாம்புச் செடி நிற்கும். சாம்பிராணிப் புகை இலையில் படியும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. எந்தச் செடி ஆபத்து?

பதில்: டிஃபன்பேக்கியாவை முதலில் வெளியேற்றுங்கள். அதன் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கும். மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, கெலாடி எல்லாவற்றிலும் அதே படிகம் இருக்கிறது. அவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ கொடுங்கள். வீக்கமோ மூச்சுச் சிரமமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: போத்தலில் மணி பிளாண்ட் வளர்க்கிறேன். டிங்கி வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார்.

பதில்: அக்கா சொல்வது சரி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை நீர் மாற்றுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. முட்டை போத்தலின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். போத்தல் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்தால் கொசு உள்ளே போக முடியாது. நீருக்குள் மூழ்கிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அவைதான் நீரை நாறவைப்பவை. சாடிகளின் அடித்தட்டையும் இதே நாளில் கவிழ்த்துவிடுங்கள்; மழைக்காலத்தில் அஞ்சடித் தட்டுகளில் யாரும் ஊற்றாமலே நீர் சேர்ந்திருக்கும்.