சும்மா சும்மா அடிக்கும் ஃபயர் அலாரம்: முழுசாக மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் நிறுவனம் மூன்று மாடிக் கட்டடத்தில் இயங்குகிறது. கீழ்த்தளத்தில் கிடங்கு, மேலே இரண்டு தளங்களில் அலுவலகம், ஒரு சின்ன சமையலறை. ஃபயர் அலாரம் போட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. மாதத்துக்கு மூன்று நான்கு தடவை காரணமே இல்லாமல் அடிக்கிறது. இப்போதெல்லாம் அடித்தாலும் யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எந்தக் கருவி அடித்தது என்று தனித்தனியாகக் காட்டும் அட்ரஸபிள் சிஸ்டம், மொபைல் ஆப் எல்லாம் போடலாம் என்கிறார் சப்ளையர். போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் ஒரு மாதம் கழித்து. எதனால் அடிக்கிறது என்று தெரியாமல் மாற்றினால் புதுசும் அதே இடத்தில் அதே காரணத்துக்கு அடிக்கும். என்ன, எந்த டிடெக்டர் (புகையையோ வெப்பத்தையோ உணரும் கருவி) அடித்தது என்று திரையில் பெயரோடு காட்டும், அவ்வளவுதான்.

முதலில் அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான பேனலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அடிக்கும் ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, எந்த ஜோன் (பேனல் காட்டும் பகுதி), அந்த நேரத்தில் அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அடித்த டிடெக்டரில் சிறிய சிவப்பு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருக்கும். சத்தம் தாங்காமல் யாராவது ஓடிப்போய் ரீசெட்டை அழுத்திவிட்டால் அந்த விளக்கு அணைந்துவிடும், இருந்த ஒரே தடயமும் போச்சு. தீ எதுவும் இல்லை என்று உறுதியானதும் சைலன்ஸ் பொத்தானால் சத்தத்தை மட்டும் நிறுத்துங்கள். விளக்கு எரிவது எந்த டிடெக்டரில் என்று குறித்த பிறகுதான் ரீசெட்.

இரண்டு மூன்று வாரத்தில் நோட்டே பேச ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு டிடெக்டர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அலுவலகங்களில் பரவலாக இருக்கும் ஆப்டிகல் டிடெக்டருக்குள் ஓர் இருட்டறை உண்டு. அதில் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்று, அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஒளியுணரி ஒன்று. புகை உள்ளே நுழைந்தால் துகள்களில் பட்டு ஒளி சிதறும். சிதறிய ஒளி உணரியில் விழுந்தால் அலாரம். கோளாறும் இங்கேதான். தூசியும் நீராவியும் இதே மாதிரி ஒளியைச் சிதறடிக்கும். அடிக்கடி ஏமாற்றிய ஒரு டிடெக்டரை நான் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு குட்டிச் சிலந்தி வலை பின்னிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

எனவே சமையலறையில் புகை டிடெக்டர் இருந்தால் எடுத்துவிட்டு வெப்ப டிடெக்டர் வையுங்கள். 57, 58 டிகிரி செல்சியஸை எட்டும்போது அடிக்கும் வகை உண்டு. நிமிடத்துக்கு எட்டு டிகிரிக்கு மேல் வேகமாகச் சூடேறினால் அடிக்கும் வகையும் உண்டு. அடுப்பைப் பற்றவைத்ததும் வெப்பம் குபீரென்று ஏறும் இடத்துக்கு முதல் வகைதான் சரி. அலுவலகத்தில் ஏ.சி. காற்று வெளிவரும் வாய்க்கு ஒரு மீட்டருக்குள் டிடெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தூசி நேரே அதற்குள் போகும். உண்மையான புகை வந்தாலும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கூரை உயரமான கிடங்கு என்றால் பிரச்சினை தலைகீழ். புகை மேலே போவதற்குள் ஆறி, பாதி வழியிலேயே படர்ந்து நின்றுவிடும். அங்கே சாதாரண டிடெக்டரைவிட, சிறு துளைகளிட்ட குழாய் வழியாகக் காற்றை இடைவிடாமல் உறிஞ்சிச் சோதிக்கும் ஆஸ்பிரேட்டிங் வகையோ, சுவருக்குச் சுவர் ஒளிக்கற்றை பாய்ச்சும் பீம் டிடெக்டரோ பொருத்தம்.

பன்னிரண்டு வருடமான டிடெக்டர்களை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்; பத்து வருடத்துக்கு மேல் அவற்றை நம்புவது சரியில்லை. ஆனால் டிடெக்டரை மாற்றுவது வேறு, சிஸ்டத்தையே மாற்றுவது வேறு.

அட்ரஸபிளில் என்ன லாபம்? பழைய வகையில் ஒரு ஜோனில் இருபது டிடெக்டர் இருந்தால், பேனல் சொல்வது 'ஜோன் 2' என்பது மட்டும். அறை அறையாக ஓடித் தேட வேண்டும். ஒயர் நடுவில் அறுந்தால் 'பழுது' என்று பேனல் காட்டும், ஆனால் அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ளவை அத்தனையும் குருடு. அட்ரஸபிளில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. ஒயர் வளையமாகப் போய்ப் பேனலுக்கே திரும்பி வருவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தொடர்பு இருக்கும். நடுநடுவே, பழுதான துண்டை மட்டும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் இருந்தால் ஷார்ட் சர்க்யூட்டும் அந்தத் துண்டோடு நின்றுவிடும். ஒரு டிடெக்டரில் தூசி சேர்ந்துகொண்டே போனால், பொய்யாக அடிப்பதற்கு முன்பே 'சுத்தம் செய்யவும்' என்று சொல்லும் வகைகளும் இருக்கின்றன. மூன்று தளம், கீழே கிடங்கு என்ற உங்கள் அமைப்புக்கு இது வீண் செலவு இல்லை.

கையெழுத்துப் போடுமுன் சப்ளையரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்தப் பேனலில் வேறு நிறுவனத்தின் டிடெக்டர் வேலை செய்யுமா? புரோகிராமிங் பாஸ்வேர்டும் அந்தக் கோப்பின் நகலும் எங்கள் கையில் கொடுப்பீர்களா? இரண்டுக்கும் மழுப்பல் வந்தால், நாளைக்கு ஒரு டிடெக்டர் பெயரை மாற்றக்கூட அவரையே கூப்பிட வேண்டிவரும். இந்தத் தொழிலில் பலரும் மாட்டிக்கொண்டு முழிப்பது இங்கேதான்.

மொபைல் ஆப்? இருக்கட்டும், தப்பில்லை. இரவில் பழுது வந்தால் உங்களுக்குத் தெரியும். ஆனால் மணி அடிப்பதும் கதவு திறப்பதும் இன்டர்நெட்டை நம்பி இருக்கக்கூடாது. ஆப் பார்க்க மட்டும் செய்யட்டும், பேனலை அணைக்கும் அதிகாரம் அதற்கு வேண்டாம். அலுவலக வைஃபையோடு சேர்க்காமல் தனி நெட்வொர்க்கில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆப்பைவிட முக்கியம், அலாரம் அடித்ததும் கட்டடம் என்ன செய்கிறது என்பது. லிஃப்ட் வெளியேறும் தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். புகையைத் தளம் தளமாகப் பரப்பும் ஏ.சி. விசிறிகள் நிற்க வேண்டும். கார்டு காட்டித் திறக்கும் காந்தப் பூட்டுகள், மின்சாரம் போனால் தானே விட்டுவிடும் வகையாக இருக்க வேண்டும். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்ததற்கு, பூட்டிக் கிடந்த படிக்கட்டுக் கதவு ஒரு முக்கியக் காரணம். அன்று சாவி, இன்று கார்டு. இதையெல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வாங்கி, நீங்களே முன்னால் நின்று ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று திறந்தால் எல்லாம் கொட்டும் என்பது சினிமாவில்தான். வழக்கமான அமைப்பில், சிவப்புக் குமிழ் 68 டிகிரியில் உடைந்து, சூடுபட்ட அந்த ஒன்று மட்டுமே திறக்கும்.

இப்போதைய பேனலிலேயே இன்று ஒரு வேலை இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். பேனலின் பஸ்ஸர் மேல் அழகாக டேப் ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அது எப்பவுமே அப்படித்தான் சார்" என்றார் காவலாளி. மூடியைத் திறந்தால் பேட்டரி இரண்டும் உப்பிக் கிடந்தன. மெயின் சப்ளையை அணைத்தேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. 24 மணி நேரம் காத்திருந்து, அதற்கப்புறமும் மணி அடிக்க வேண்டிய பேட்டரி அது! சிவப்பு என்றால் தீ, மஞ்சள் என்றால் பழுது. மஞ்சளோடு பழகிவிடாதீர்கள். நான்கு வருடத்துக்கு மேலான பேட்டரி என்றால் சோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஊழியர்கள் எழாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பொய்யாக அடித்துப் பழக்கியது நாம்தான். இனி ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் காரணத்தை அன்றே சொல்லிவிடுங்கள்: "சமையலறை ஆவி, டிடெக்டரை மாற்றுகிறோம்." புதுசு போடும்போது வெறும் மணிக்குப் பதில் குரல் அறிவிப்பு கேளுங்கள். மணி அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். 'தீ, படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள்' என்று குரல் வந்தால் கால் சீக்கிரம் நகரும். கிடங்கில் இயந்திரச் சத்தம் இருந்தால் மின்னும் விளக்கும் வேண்டும்.

அப்புறம், மாற்றும் வேலை தொடங்கும்போது பழையதை முதல் நாளே பிடுங்க விடாதீர்கள். புதுசு ஒரு தளத்தில் ஓடி, சோதித்து முடித்த பிறகு அந்தத் தளத்துப் பழையதை எடுக்கட்டும். பொருத்திய டிடெக்டர்களில் தூசிக்காக மாட்டும் பிளாஸ்டிக் மூடிகளையும் கடைசி நாளில் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால், எங்கோ ஒரு டிடெக்டர் மூடியோடு நிற்கிறது.