தொழில்முறை அணியில் ஆடாதவர் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு 26 வயதாகிறது. பல்கலைக்கழக அணி வரை ஐஸ் ஹாக்கி ஆடியிருக்கிறேன். தொழில்முறை அணி எதிலும் ஆடியதில்லை. கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு சீசன்களாக 14 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றுக்கு வார இறுதிகளில் ஊதியமின்றி உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். இதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது, எத்தனை ஆண்டுகள் பிடிக்கும், இப்போதிருக்கும் வேலையை விட்டுவிடலாமா?

பதில்: முடியும். வேலையை விடுவது பற்றிக் கடைசியில் பேசுவோம். தொழில்முறை அணியில் ஆடாதவர் சொல்வதைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் காதுகொடுத்துக் கேட்பார்களா என்ற தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் அது நேராகக் கேட்கப்படவில்லை என்றாலும், 'ஆடியதில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் அதுதான் நிற்கிறது.

வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான என்.எச்.எல். வரலாற்றில் மிக அதிக வெற்றிகளைக் குவித்த தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன், அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியவர் அல்லர். ஜூனியர் நிலையில் தலையில் பட்ட காயத்துக்குப் பிறகு பயிற்சிப் பக்கம் வந்தவர், 1,244 வழக்கமான சீசன் வெற்றிகளையும் தலைமைப் பயிற்சியாளராக 9 ஸ்டேன்லி கோப்பைகளையும் (அந்த லீகின் சாம்பியன் பட்டம்) பெற்றார். 2022இல் கொலராடோ அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஜாரெட் பெட்னர் கீழ்நிலை லீகுகளில் மட்டுமே ஆடியவர், 2009இல் மூன்றாம் நிலை லீகான ஈ.சி.எச்.எல். கோப்பை, 2016இல் என்.எச்.எல். லீகுக்கு அடுத்த நிலையிலுள்ள ஏ.எச்.எல். கோப்பை, பிறகு ஸ்டேன்லி கோப்பை என்று மூன்று நிலைகளிலும் பயிற்சியாளராக வென்றிருக்கிறார்.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானவர் ஜான் கூப்பர். அவர் பல்கலைக்கழகத்தில் ஆடியது வலைக்கோலால் பந்தை வீசி ஆடும் லக்ராஸ், படித்தது சட்டம். மிச்சிகனின் லான்சிங் நகரில் வழக்கறிஞராக இருந்தபோது, ஒரு நீதிபதி கேட்டுக்கொண்டதன்பேரில் 1999இல் உள்ளூர்ப் பள்ளி அணி ஒன்றைப் பொறுப்பேற்றார். அங்கிருந்து ஜூனியர் லீகுக்குப் போய் 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்று, அடுத்த படியான யு.எஸ்.எச்.எல். லீகில் கிரீன் பே அணியோடு 2010இல் பட்டம் வென்று, ஏ.எச்.எல். லீகில் நார்ஃபோக் அணியோடு 2012இல் கால்டர் கோப்பையை வென்று, 2013 மார்ச்சில்தான் என்.எச்.எல். லீகின் டாம்பா பே அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றார். பள்ளி அணியிலிருந்து அந்த இடத்துக்கு வர 14 ஆண்டுகள். முதல் ஸ்டேன்லி கோப்பைக்கு 2020 வரை இன்னும் ஏழு. எத்தனை ஆண்டுகள் என்று கேட்டீர்கள். வேகமாக ஏறியவர் ஒருவரின் கணக்கே இதுதான்.

இந்தக் கதையில் பட்டங்களைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 2012இல் நார்ஃபோக் அணியில் இருந்த ஆந்திரே பலாட், டைலர் ஜான்சன், அலெக்ஸ் கில்லோர்ன் ஆகியோர் 2020இல் டாம்பா அணிக்காகக் கோப்பையைத் தூக்கியவர்களிலும் இருந்தார்கள். கீழ்நிலை அணி என்பது மேல்நிலை அணிக்கு ஆள் தயாரிக்கும் இடம். ஆகவே அங்குள்ள பயிற்சியாளரைப் பொது மேலாளர் எடைபோடும்போது, எத்தனை ஆட்டம் வென்றார் என்பதோடு, அவர் கையில் கொடுத்த பையன்களில் எத்தனை பேர் மேலே ஏறினார்கள் என்பதையும் பார்க்கிறார். உங்கள் 14 வயதுப் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான். சீசன் தொடக்கத்தில் பின்னோக்கி ஸ்கேட் செய்யத் தடுமாறிய தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் சீசன் முடிவில் எப்படி ஆடுகிறார் என்பதை இரண்டு வீடியோத் துண்டுகளில் காட்ட முடிந்தால், அது எந்தச் சுயவிவரத்தையும்விடக் கனமானது. இன்றே படம்பிடிக்கத் தொடங்குங்கள்.

முன்னாள் ஆட்டக்காரருக்கு இரண்டு சொத்துகள் கையோடு வருகின்றன: உடைமாற்றும் அறையின் நாடித்துடிப்பு தெரிந்திருப்பது ஒன்று, வேலை காலியானால் தொலைபேசியில் அழைக்க ஆட்கள் இருப்பது மற்றொன்று. இவை இல்லாதவர், அணிக்கு அன்றாடம் தேவைப்படுகிற, ஆனால் பெரும்பாலோர் செய்யத் தயங்குகிற ஒரு வேலையில் கை தேர்ந்தவராக உள்ளே நுழைய வேண்டும். என் கணிப்பில் இன்று அதற்கு மிக அகலமான வாசல் வீடியோ அறை.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீடியோப் பயிற்சியாளர் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு குறி இடுகிறார்: பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டி எப்படி உள்ளே வந்தது, பேஸ்ஆஃபில் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) யார் வென்றார், பவர்பிளேயில் (பெனால்டியால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) முதல் பாஸ் யாருக்குப் போனது. முதல் 20 நிமிடப் பகுதி முடிந்து இடைவேளை தொடங்கும்போது, தலைமைப் பயிற்சியாளர் உள்ளே வந்து, 'அவர்கள் நம் வலதுபுறத்தில் தங்கள் பகுதியிலிருந்து எப்படி வெளியேறுகிறார்கள், காட்டு' என்று கேட்டால், அதைக் காட்டும் ஐந்து வீடியோத் துண்டுகள் வரிசையாகத் தயாராக இருக்க வேண்டும். இடைவேளை ஏறத்தாழக் கால்மணி நேரம்தான். அதில் ஆட்டக்காரர்களிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். ஐந்துக்கு மேல் காட்டினால் எதுவும் மனத்தில் தங்காது. எதை விடுவது என்று தெரிந்திருப்பதே அங்கு திறமை.

இன்னொரு தருணம் இன்னும் கூர்மையானது. எதிரணி கோல் போட்டுவிட்டது. ஆஃப்சைடாக (பக்குக்கு முன்பே ஆட்டக்காரர் நீலக்கோட்டைத் தாண்டியது) இருக்கலாம் என்று சந்தேகம். என்.எச்.எல். விதிப்படி பயிற்சியாளர் அதை மறுபரிசீலனைக்குக் கேட்கலாம், ஆனால் அவர் சொன்னது தவறென்று முடிவானால் அணிக்கு இரண்டு நிமிடப் பெனால்டி விழும். அடுத்த பேஸ்ஆஃப் நடப்பதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். பெஞ்சில் நிற்பவர் காதில் வீடியோ அறையிலிருந்து 'கேளுங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே சொல் வருகிறது. சீசன் முழுவதும் அந்தச் சொல் சரியாக இருந்தால், அதைச் சொன்னவர் எந்த லீகில் ஆடினார் என்று கேட்கும் ஆள் அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டார். (கணக்குத் துறைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள், நிரலில் எண்களை அடுக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே வீணாகாது.)

வீடியோவில் மனம் ஒட்டவில்லை என்றால் ஸ்கேட்டிங், கோல்கீப்பர் பயிற்சி என்ற தனித்துறைகள் இருக்கின்றன. ஜெசிகா கேம்ப்பெல் கனடா நாட்டு மகளிர் அணியில் ஆடியவர். ஆண்கள் லீக் எதிலும் ஆடியதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்துப் பெயர் வாங்கி, ஜெர்மனியில் நியூரம்பெர்க் அணியோடு பணியாற்றி, 2022இல் ஜெர்மனி ஆண்கள் தேசிய அணியின் பயிற்சிக் குழுவில் இடம்பெற்று, ஏ.எச்.எல். லீகில் இரண்டு சீசன்கள் இருந்து, 2024இல் சியாட்டில் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். என்.எச்.எல். பெஞ்சில் முழுநேரப் பயிற்சியாளராக நின்ற முதல் பெண் அவர். கோல்கீப்பர் பயிற்சியை, அந்த இடத்தில் ஆடாத எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்றிதழ்களைப் பற்றி நிறையச் சொல்ல ஏதுமில்லை. அவை வாசலைத் திறப்பதில்லை, ஆனால் அவை இல்லாமல் வாசலருகே நிற்க முடியாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் தேசிய ஹாக்கி அமைப்புகள் படிநிலைப் பயிற்சிகளை நடத்துகின்றன. அமெரிக்காவில் சிறார்ப் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். பட்டப்படிப்பாகவே படிக்க விரும்பினால், பின்லாந்தின் வியெருமாக்கி விளையாட்டு வளாகத்தில் ஹாகா-ஹீலியா பல்கலைக்கழகம் விளையாட்டுப் பயிற்சிக்கான பட்டத்தை ஆங்கிலத்தில் நடத்துகிறது.

சான்றிதழை விடப் பயன்தரும் பயிற்சி ஒன்றை இந்த வாரமே தொடங்கலாம். ஒரு தொழில்முறை ஆட்டத்தைப் பக்கைப் பார்க்காமல் பாருங்கள், பெஞ்சைப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருப்பது ஒவ்வொரு முறையும் சுமார் 45 வினாடிகள்தான். ஆட்டம் நின்றபின் ஆட்களை மாற்றும்போது கடைசியாக மாற்றும் உரிமை சொந்தக் களத்து அணிக்கு உண்டு. அதாவது எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டு, அவர்களுடைய சிறந்த லைனுக்கு (சேர்ந்து ஆடும் மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்கள்) எதிராகத் தன் சிறந்த தற்காப்பு ஜோடியை அது இறக்கலாம். வெளியூர் அணிப் பயிற்சியாளர் அந்தப் பிடியிலிருந்து தன் நட்சத்திர ஆட்டக்காரரை விடுவிக்க, ஆட்டம் நிற்காமலே ஓட்டத்தில் ஆளை மாற்றுவார். எந்த லைன் எதற்கு எதிராக எத்தனை முறை வந்தது, கோல் கணக்கில் பின்தங்கிய அணி கூடுதல் தாக்குதல் ஆட்டக்காரரை இறக்க எந்த நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிவாருங்கள். பத்து ஆட்டங்களுக்குப் பிறகு அந்தப் பயிற்சியாளர் அடுத்து என்ன செய்வார் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல வரும். வேலைக்கு எடுப்பவர்களிடம் பேச இதைவிட நல்ல பொருள் கிடையாது.

வேலை கிடைத்த பிறகு என்ன ஆகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் நீக்கப்படுவது தொழிலின் ஒரு பகுதி. ஜூனியர் நிலையில் கண்ணில் பட்ட காயத்தால் ஆட்டத்தை விட்ட பால் மாரிஸ், 28 வயதிலேயே 1995இல் ஹார்ட்ஃபோர்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பின்னர் கரோலினாவுக்கு இடம்பெயர்ந்த அதே அணி அவரை 2003இல் நீக்கியது, 2008இல் திரும்ப அழைத்தது, 2011இல் மறுபடியும் நீக்கியது. நடுவில் டொரண்டோவிலும் வேலை போனது. பிறகு ரஷ்யாவின் மக்னிதோகோர்ஸ்க் அணியில் ஒரு சீசன். வின்னிபெக்கில் ஏழு ஆண்டுகளுக்கும் மேல் இருந்துவிட்டு 2021 டிசம்பரில் தாமாகவே விலகினார். புளோரிடா அணியோடு முதல் ஸ்டேன்லி கோப்பையை 2024இல், 57 வயதில் வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார். சீசன் நடுவில் பயிற்சியாளரை மாற்றும் ஆசையை அணி உரிமையாளர்களுக்கு ஊட்டுவதும் சில வெற்றிகள்தான்: 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் அணி தன் பயிற்சியாளரை நீக்கி உதவியாளர் கிரேக் பெரூபேயைத் தற்காலிகமாக அமர்த்தியது, 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீகின் கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி ஜூனில் கோப்பையை வென்றது. தலைமைப் பயிற்சியாளர் போகும்போது உதவியாளர்களும் பெரும்பாலும் உடன் போகிறார்கள். வீடியோ அறையில் இருப்பவர் தங்கிவிடுவது அதிகம், அதுவும் அந்த வாசலை நான் சொல்வதற்கு ஒரு காரணம்.

ஆகவே ஒப்பந்தத்தில், சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். நீக்கினால் மீதிக் காலத்துக்குப் பணம் உண்டா, வேறு அணியில் சேர்ந்தால் அந்தத் தொகையைக் கழிப்பார்களா, காலநீட்டிப்பு யார் கையில் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மைக் பாப்காக் 2015இல் டொரண்டோவுடன் எட்டு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். 2019இல் நீக்கப்பட்டபோதும் ஒப்பந்தம் அவரைக் காத்தது. மாறாக, பாரி ட்ராட்ஸ் 2018இல் வாஷிங்டனுக்குக் கோப்பை வென்று கொடுத்த சில நாட்களிலேயே விலகினார். கோப்பை வென்றால் சிறு சம்பள உயர்வோடு இரண்டு ஆண்டுகள் தானாக நீளும் என்ற அவருடைய பழைய ஒப்பந்த விதி, வென்றவரின் புதிய மதிப்புக்கு ஈடாக இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இந்த சீசனில் வேலையை விடாதீர்கள். கீழ்நிலை அணிகளின் உதவிப் பயிற்சியாளர் ஊதியம் குடும்பம் நடத்தும் அளவுக்கு இருக்காது, பேருந்திலும் விடுதியிலும் கழியும் நாட்கள் அதிகம், ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுதான். ஊதியம் சிறிதாயினும் எழுத்தில் உள்ள ஒரு பதவி கிடைத்து, ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பும் கையில் இருந்தால் விடலாம்; இரண்டில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருங்கள். கணக்குத் தொழில் ஓராண்டு விட்டாலும் திரும்ப ஏற்றுக்கொள்ளும் என்பது உங்களுக்கு மட்டும் வாய்த்த பாதுகாப்பு. முன்னாள் ஆட்டக்காரர் பலருக்கு அது கிடையாது.

அதுவரை, அருகிலுள்ள ஜூனியர் அல்லது பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதுங்கள். அணிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் சீசன் முடிந்த கோடை மாதங்களில். ஆனால் கடிதம் சீசன் நடக்கும்போதே போக வேண்டும். வேலை கேட்காதீர்கள். அவர்கள் அடுத்து ஆடப்போகும் எதிரணியின் பவர்பிளேயைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பும் ஆறு வீடியோத் துண்டுகளும் அனுப்பி, பயன்பட்டால் அடுத்த எதிரணிக்கும் செய்துதருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொன்று அனுப்புங்கள். முதல் குறிப்பை அவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார், மூன்றாவதைத் திறப்பார்.